அட்லாண்டிக்கைக் கடந்த சிறுவிமானம்

வீட்டிலே சிறுவன் ஒருவன் மூங்கில் குச்சியும் காகிதமும் பசையும் பரப்பிக்கொண்டு விமானம் செய்ய உட்கார்ந்தால், பெற்றோர் வாயிலிருந்து வரும் முதற்சொல் யாது? "போய்ப் படி" என்பதே. அச்சிறுவன் வளர்ந்து, அலுவல் ஏற்று, தலை நரைத்த பின்னரும் அதே குச்சியும் பசையுமாக உட்கார்ந்திருப்பானாயின், அவனுக்கு உறவினர் சூட்டும் பெயர் 'பித்தன்' என்பதாகும். விளையாட்டு குழந்தைகளுக்குரியது, அதனால் விளையும் பயன் ஏதுமில்லை, வளர்ந்தவன் அதில் நேரத்தைச் செலவிடுதல் வீண் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம்.

இவ்வெண்ணம் முழுதும் சரிதானா? வானொலி அலைகளின் துணையால் தரையில் நின்றவாறே செலுத்தப்படும் சிறுவிமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பறக்கவிடும் பொழுதுபோக்கு ஒன்று உலகின் பல நாடுகளிலும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். அப்பொழுதுபோக்கில் வாழ்நாளெல்லாம் ஈடுபட்ட ஒருவர், தம் எழுபத்தேழாம் வயதில், கண்ணொளி பெரிதும் மங்கிய நிலையில் செய்த ஒரு செயலை இங்கே சொல்ல விரும்புகிறோம். அதனைச் சொல்லுமுன், இப்பொழுதுபோக்கு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

தந்தை தந்த பொம்மை

1878ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மில்டன் ரைட் என்னும் புரோட்டஸ்டாண்டு ஆயர் ஒருவர், பயணம் முடிந்து வீடு திரும்பியபோது, தம் இளைய புதல்வர் இருவருக்கும் ஒரு பொம்மை கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆன சிறு ஹெலிகாப்டர் அது. பிரெஞ்சு நாட்டவரான அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் வகுத்த முறைப்படி, முறுக்கிய ரப்பர் இழையின் விசையால் மேலே எழும்பக்கூடியது. அது உடையும் வரை சிறுவர்கள் அதனோடு விளையாடினார்கள். பின்னர் அதைப் போலவே தாங்களும் செய்து பார்த்தார்கள். இன்னும் பெரிதாகச் செய்தபோது அது பறக்க மறுத்தது. ஏன் மறுத்தது என்னும் கேள்வி அவர்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது. வில்பர், ஆர்வில் என்னும் அவ்விருவருமே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், இயந்திர விசையுடைய விமானத்தில் மனிதனை முதன்முதலாக வானில் ஏற்றியவர்கள். தங்கள் ஆர்வத்தின் தொடக்கம் அந்தப் பொம்மையே என்று அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பொம்மை விமானம் காலத்தால் முந்தியது. மனிதன் ஏறிய விமானம் பிந்தியது. ஆதலின் சிறுவிமானத்தைப் பெரிய விமானத்தின் நகல் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. ஒரு வகையில் அது அதன் தமையன் எனலாம்.

இரட்டையர் கண்ட வழி

ரப்பர் இழையால் பறக்கும் விமானத்திற்கு ஒரு குறை உண்டு. கையை விட்டு நீங்கியபின் அது காற்றின் வசப்பட்டுவிடுகிறது. மரத்தில் மோதினாலும் குளத்தில் விழுந்தாலும், விட்டவன் பார்த்துக்கொண்டு நிற்கலாமேயன்றித் தடுக்க முடியாது. தரையிலிருந்தே அதற்குக் கட்டளையிட இயலுமா?

கம்பியின்றிக் கட்டளையிடலாம் என்பதை 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க்கில் காட்டியிருந்தார். நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றை அவர் தொலைவிலிருந்தே இயக்கினார். ஆனால் படகு சுமக்கும் பாரத்தைச் சிறுவிமானம் சுமக்காது. அக்காலத்து வானொலிக் கருவியும் பாட்டரியும் பெரும்பாரம். இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் முன்னணியில் நின்றவர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இளைஞர்கள். ஒருவர் விமானம் கட்டுவதில் தேர்ந்தவர். மற்றவர் வானொலியில் தேர்ந்தவர். இருவரும் சேர்ந்து 'கஃப்' என்னும் தங்கள் விமானத்தை 1937ஆம் ஆண்டு வானொலிக் கட்டளையால் பறக்கச் செய்தனர். அடுத்த சில ஆண்டுகளில் தேசியப் போட்டிகளில் முதலிடமும் பெற்றனர். 1960ஆம் ஆண்டு அவ்விமானம் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது.

ஒருவர் கையில் இறக்கையும் மற்றவர் கையில் வானொலியும் இருந்தன. இருவருள் எவரும் தனித்து இதைச் செய்திருக்க மாட்டார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்த கதையிலும் இதுவே திரும்ப வரும்.

கட்டளை செல்லும் வழி

பறக்கவிடுபவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதில் கட்டைவிரலால் அசைக்கத்தக்க இரண்டு சிறு கோல்கள் உண்டு. கோலை அசைத்ததும் அவ்வசைவு வானொலிக் குறியாக மாறிச் செல்கிறது. விமானத்தினுள் தீப்பெட்டியளவே ஆன ஏற்பி ஒன்று அதனைப் பெற்று, சிறு மோட்டார்களுக்கு உணர்த்துகிறது. அம்மோட்டார்கள் விமானத்தின் உறுப்புக்களை அசைக்கின்றன.

அவ்வுறுப்புக்கள் முக்கியமாக நான்கு. வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கான், மூக்கை இடமும் வலமும் திருப்பும். வாலில் கிடையாக உள்ள மடல், மூக்கை மேலும் கீழும் ஆக்கும். இறக்கைகளின் ஓரத்து மடல்கள், ஓர் இறக்கையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும். நான்காவது, இஞ்சினின் வேகம். நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெருவிமானத்தின் விமானி ஆளுவதும் அடிப்படையில் இந்நான்கையே.

இதனைக் கேட்டு, 'இவ்வளவுதானா?' என்று எண்ணுபவர் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். விமானம் நம்மை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றே. அது திரும்பி நம்மை நோக்கி வரும்போதோ, அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். வலப்பக்கம் திருப்ப எண்ணிக் கோலை அசைத்தால் அது கண்ணுக்கு இடப்பக்கம் பாயும். பதறிய கை மேலும் தவறும். விமானம் தரையில் மோதும். புதியவர்களின் விமானங்கள் பல இவ்வாறே உடைகின்றன. தேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள். விமானம் எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே கோலைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதாக எண்ணிக்கொள் என்பார்கள். நாளடைவில் எண்ணம் தேவையின்றியே கை அதைச் செய்துவிடும். வேறு விதமாகச் சொன்னால், பறக்கவிடுபவன் தன் இடவலத்தை மறந்து, விமானத்தினுள் தான் அமர்ந்திருப்பதாகக் கொண்டு பார்க்கப் பழகவேண்டும்.

கற்பிக்கும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் கையில் ஒரு பெட்டியும் மாணவர் கையில் ஒரு பெட்டியுமாக இரண்டையும் இணைத்துவிடுவார்கள். ஆசிரியர் ஒரு விசையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் மாணவர் சொற்படி பறக்கும். மாணவர் தவறினால் ஆசிரியர் அவரைக் கடிந்துகொள்ள நேரமில்லை. விரலை எடுத்தாற் போதும். விமானம் அக்கணமே ஆசிரியர் வசம் வந்துவிடும். நிலைநிறுத்தியபின் மீண்டும் மாணவரிடமே கொடுத்துவிடுவார். தவறு செய்ய இடமளித்து, அழிவுக்கு மட்டும் இடமளிக்காத இம்முறையைப் பிள்ளை வளர்ப்போர் சிந்தித்துப் பார்த்தல் நன்று.

ஹெலிகாப்டரின் அருமை

விமானத்தைவிட ஹெலிகாப்டரைச் செலுத்துதல் கடினம். நன்கு அமைந்த சிறுவிமானம், கோலை விட்டுவிட்டாலும் சற்று நேரம் தானே நேராகப் பறக்கும். ஹெலிகாப்டரோ, அந்தரத்தில் நிற்கும்போது பந்தின்மேல் நிற்பவன் போன்றது. ஓயாது திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். மேலும், பெரிய சுழலிறக்கை ஒரு பக்கமாகச் சுற்றும்போது, உடற்பகுதி அதற்கெதிராகச் சுற்ற முயலும். அதைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு சுழலிறக்கை வைக்கப்பட்டுள்ளது. ஒன்றை மாற்றினால் மற்றவை யாவும் மாறும். ஆகவே நான்கு கட்டளைகளையும் ஒரே வேளையில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இக்காரணத்தால், மாதிரி விமானங்கள் பறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாதிரி ஹெலிகாப்டர் எவருக்கும் எளிதில் வசப்படவில்லை. ஜெர்மனி நாட்டுப் பொறியியலாளர் டீட்டர் ஷ்லூட்டர் பல தோல்விகளுக்குப் பின் 1970ஆம் ஆண்டையொட்டி நம்பத்தக்க முறையில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டரை உருவாக்கினார். பிறரும் வாங்கிப் பூட்டிப் பறக்கவிடத் தக்க பாகங்களாக அது விற்பனைக்கும் வந்தது. இன்றோ, அசைவை உணர்ந்து தாமே திருத்தும் நுண்கருவிகளும், எடை குறைந்த லித்தியம் பாட்டரிகளும் இவ்வேலையைப் பெரிதும் எளிதாக்கிவிட்டன. கணிப்பொறித் திரையிலேயே முதலிற் பழகிக்கொள்ளவும் வழியுண்டு. திரையில் எத்தனை முறை மோதினாலும் செலவில்லை அன்றோ!

மேனார்ட் ஹில்

இனி, நாம் சொல்ல வந்த மனிதரிடம் வருவோம். மேனார்ட் ஹில் என்பவர் 1926ஆம் ஆண்டு பிறந்த அமெரிக்கர், உலோகவியல் கற்றவர், மேரிலாந்து மாநிலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். பணி ஒருபுறமிருக்க, சிறுவிமானங்கள் கட்டிப் பறக்கவிடுவதே அவருடைய பெருவிருப்பம். உயரம், தொலைவு, வேகம், நேரம் எனப் பலவகையிலும் 25 உலகச் சாதனைகள் அவர் பெயரில் பதிவாயின. 1970ஆம் ஆண்டு அவருடைய விமானம் ஒன்று 8,200 மீட்டருக்கு மேல் எழுந்தது. எவரெஸ்டு சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர் என்பதை ஒப்பிட்டு நோக்கினால் அதன் அருமை விளங்கும். அவ்வுயரத்தில் பறக்கும் சிறுவிமானம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. தொலைநோக்கியால் பார்த்தே செலுத்தவேண்டும்.

முதுமை வந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கண்ணின் நடுப்பார்வை தேய்ந்து, சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லத்தக்க நிலை ஏற்பட்டது. செவியும் மந்தமாயிற்று. தொலைநோக்கியால் வானத்தை அளந்தவருக்கு, எதிரே நிற்பவர் முகமே தெளிவாகத் தெரியவில்லை. விமானம் விடுபவனுக்குக் கண்ணே முதல். அது போனபின் கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே இயல்பு.

ஹில் அவ்வாறு செய்யவில்லை. அந்நிலையில்தான் அவர் தம் வாழ்விலேயே மிகப் பெரிய முயற்சியை மேற்கொண்டார். சிறுவிமானம் ஒன்றை அட்லாண்டிக் மாகடலைக் கடக்கச் செய்வதே அது.

ஐந்து கிலோவுக்குள் ஒரு கடல்

இம்முயற்சியின் கடுமை யாதெனில், சாதனையாக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால், பன்னாட்டு வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, எரிபொருள் உட்பட விமானத்தின் மொத்த எடை 5 கிலோவுக்கு மிகலாகாது. இஞ்சினின் கொள்ளளவு 10 கன சென்டிமீட்டருக்கு மிகலாகாது. கடக்கவேண்டிய தொலைவோ ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வழியில் இறங்க ஒரு தீவும் இல்லை.

ஆகவே எல்லாம் கிராம் கணக்கில் நிறுக்கப்பட்டன. மிக இலேசான பால்சா மரத்தால் சட்டம் அமைத்து, மெல்லிய படலத்தால் போர்த்தினார்கள். நீளம் ஏறக்குறைய ஆறடி. இறக்கை விரிவும் அவ்வளவே. மொத்த எடையில் பாதியளவு எரிபொருளுக்கே போய்விட்டது. அதுவும் நான்கு லிட்டருக்குக் குறைவு. முகாம் விளக்குகளில் எரிக்கும் தூய எரிபொருளையே அவர் பயன்படுத்தினார். கடையில் கிடைக்கும் மாதிரி விமான இஞ்சின் அவ்வெரிபொருளைக் கொண்டு ஒன்றரை நாள் ஓடாது. அதைத் திருத்தி, சொட்டுச் சொட்டாக எரிபொருள் உண்ணும்படி செய்வதற்குப் பலகால உழைப்பு தேவைப்பட்டது. கண் உதவாத இடத்தில் விரல் நுனிகள் உதவின. மரத்தின் வளைவையும் இணைப்பின் ஒழுங்கையும் அவர் தொட்டே அறிந்தார்.

கடலின் நடுவில் கைப்பெட்டியின் கட்டளை எட்டாது. எனவே, செயற்கைக் கோள்களின் குறிகளைக் கொண்டு தன் இடத்தைத் தானே அறிந்து, வகுத்த வழியில் தானே செல்லும் கருவி உள்ளே பொருத்தப்பட்டது. புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டுமே மனிதன் கை வேண்டும். ஆனால் அந்த இரு வேளைகளிலும் கண்ணுள்ள கை வேண்டும்.

இங்கேதான் நண்பர்கள் வருகிறார்கள். வானொலிப் பெட்டியைப் பிடிப்பதற்கும், மின் கருவிகளை அமைப்பதற்கும், கணக்குப் போடுவதற்கும் பலர் தம் நேரத்தையும் திறமையையும் கூலியின்றித் தந்தனர். சோதனைப் பறப்புக்கு இடம் வேண்டியிருந்தது. மேரிலாந்தில் பீச்சர் பட்ஸ் என்னும் விவசாயி தம் பண்ணை நிலத்தில் பறக்கவிட இசைவளித்தார். அதற்கு நன்றியாக, கடல் கடக்கவேண்டிய விமானத்திற்கு 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்' என்றே ஹில் பெயர் சூட்டினார். 1927ஆம் ஆண்டு தனியொருவராய் அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்க்கின் விமானம் செயின்ட் லூயிஸ் மாநகரின் பெயரைத் தாங்கியது. ஹில்லின் விமானமோ, இடம் கொடுத்த ஒரு விவசாயியின் பண்ணைப் பெயரைத் தாங்கியது.

கடலோரத்தில்

புறப்படும் இடமாகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள கேப் ஸ்பியர் முனை தேர்ந்தெடுக்கப்பட்டது. கனடாவின் கிழக்கெல்லை அதுவே. 1836ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே நிற்கிறது. சேர வேண்டிய இடம், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிஃப்டன் ஊருக்கருகில் உள்ள மானின் கடற்கரை.

இவ்விரு இடங்களுக்கும் பழைய தொடர்புண்டு. 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இங்கிலாந்திலிருந்து அனுப்பிய வானொலிக் குறியைக் கடலுக்கு இக்கரையில் மார்க்கோனி கேட்டது, கேப் ஸ்பியருக்கு அருகில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரின் சிக்னல் குன்றில். பின்னர் 1907ஆம் ஆண்டு அவர் கிளிஃப்டன் அருகே பெரிய வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் செயின்ட் ஜான்ஸிலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல் அட்லாண்டிக்கை முதன்முதலாகக் கடந்து, அந்நிலையத்துக்கு அருகிலிருந்த சதுப்பு நிலத்தில் இறங்கினார்கள். முதலில் வானொலி அலை கடந்தது. அடுத்து மனிதன் கடந்தான். இப்போது இரண்டின் சிறு மகவும் கடக்கப் புறப்பட்டது.

எளிதில் கடக்கவில்லை. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அனுப்பிய விமானங்கள் கரை சேரவில்லை. கடல் அவற்றை விழுங்கிவிட்டது. பல மாத உழைப்பில் உருவான ஒன்றை, திரும்பி வராது என்று தெரிந்தும் கையால் வீசிவிடுவதற்கு எத்தகைய நெஞ்சுறுதி வேண்டும்! ஓராண்டு கழித்து, 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மீண்டும் அதே கரைக்கு வந்தார்கள். அம்முறை முதலில் விட்ட விமானமும் தவறிவிட்டது. வரிசையில் ஐந்தாவதாக நின்றதே பட்ஸ் பண்ணையின் பெயர் தாங்கிய விமானம்.

ஆகஸ்டு 9ஆம் நாள் மாலை. எழுபத்தேழு வயது ஹில், விமானத்தைத் தம் கையாலேயே காற்றில் வீசினார். பாரெட் ஃபாஸ்டர் என்னும் நண்பர் பெட்டியைப் பிடித்து அதனை உயர ஏற்றிக் கடலை நோக்கித் திருப்பினார். பின்னர் விமானம் தன் வழியைத் தானே மேற்கொண்டது. வீசியவர் அது சென்று மறைந்ததைக் கண்டிருக்க முடியாது. ஒலி தேய்ந்ததையும் நன்கு கேட்டிருக்க முடியாது. அருகில் நின்றவர்களின் சொல்லே அவருக்குக் கண்ணும் செவியும் ஆயிற்று.

ஓர் இரவு, ஒரு பகல், மற்றும் ஓர் இரவு. அலைகளுக்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில், காற்றின் துணையோடு மணிக்குச் சராசரி 78 கிலோமீட்டர் வேகத்தில் அச்சிறு பொருள் சென்றுகொண்டிருந்தது. தன் இருப்பிடத்தை அவ்வப்போது செயற்கைக் கோள் வழியாக அறிவித்தது. கரையில் காத்திருந்தவர்கள் செய்யத்தக்கது ஏதுமில்லை. வரும் எண்களைக் கடற்படத்தில் குறிப்பதும் எரிபொருளைக் கணக்கிடுவதுமே அவர்களுக்கு எஞ்சிய வேலை.

ஆகஸ்டு 11ஆம் நாள் பிற்பகல், அயர்லாந்துக் கரையில் நின்றவர்கள் மேற்குத் திசையை நோக்கியிருந்தார்கள். சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. அங்கே காத்திருந்த டேவ் பிரவுன் என்னும் நண்பர், தம் கைப்பெட்டியால் அதனை வசப்படுத்தி, குறித்த இடத்திற்கு அருகிலேயே இறக்கினார். பறந்த நேரம் 38 மணி, 52 நிமிடம், 19 விநாடி. தொலைவு ஏறக்குறைய 3,030 கிலோமீட்டர். தொட்டியில் எஞ்சியிருந்த எரிபொருள் மிகச் சொற்பம்.

ஹில் அப்போது மறுகரையில் இருந்தார். தம் வாழ்நாளின் மிகப் பெரிய பறப்பு முடிவுற்றதை அவர் கண்ணால் காணவில்லை. தொலைபேசி வழியாகவே செய்தி வந்தது. அருகிலிருந்த மனைவியை அணைத்துக்கொண்டு அழுதார் என்கிறார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு, தம் எண்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

மைதானத்தின் ஒழுங்கு

இக்கதையைப் படித்த உற்சாகத்தில் நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறிப் பறக்கவிடத் தொடங்கிவிடலாகாது. சிறிதென்றாலும் இது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. சில கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஹெலிகாப்டரின் சுழலிறக்கை கத்திக்கு நிகர். அதனால் உயிரிழந்தோரும் உண்டு. கூட்டத்தின்மேலும் சாலையின்மேலும் பறக்கவிடலாகாது. கண்பார்வைக்குள்ளேயே பறக்கவிட வேண்டும். விமான நிலையத்தின் அருகே கூடவே கூடாது. அந்தந்த நாட்டு வான்துறையின் விதிகளை முன்னரே கேட்டறிதல் கடமை. லித்தியம் பாட்டரிகளை மின்னேற்றும்போது அருகில் ஆள் இருக்கவேண்டும். பழுதுபட்டால் தீப்பற்றும் இயல்பு அவற்றுக்கு உண்டு.

மைதானங்களில் முன்னாளில் நிலவிய வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவைப்போம். அக்காலத்து வானொலிப் பெட்டிகள் குறித்த சில அலைவரிசைகளிலேயே இயங்கின. ஒரே வரிசையில் இருவர் பெட்டியைத் திறந்தால், பறந்துகொண்டிருக்கும் விமானம் வசமிழந்து விழுந்துவிடும். ஆகவே மைதானத்தின் ஓரத்தில் பலகை ஒன்று நாட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் துணி உலர்த்தும் கவ்வி போன்ற ஒரு கவ்வியை மாட்டிவைப்பார்கள். தன் வரிசைக்குரிய கவ்வி கையில் இருந்தாலன்றி எவரும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். காவலர் யாருமில்லை. ஆனால் மற்றவனுடைய பல மாத உழைப்பு வானத்தில் இருக்கிறது என்னும் நினைவே காவலாக இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த புதிய பெட்டிகள், தத்தம் விமானத்தை மட்டுமே அடையாளங்கண்டு பேசுவதால், அக்கவ்விக்கு இப்போது தேவை குறைந்துவிட்டது. கவ்வி போனாலும் அது கற்பித்த பண்பு போகாதிருக்கட்டும்.

பயன் என்ன?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். ஹில் கட்டிய விமானத்தால் அவருக்குப் பொருள் ஏதும் சேரவில்லை. அவர் அதைச் செய்யாதிருந்தால் உலகம் நின்றிருக்கப் போவதுமில்லை. பின் எதற்காக?

பலருடைய வாழ்வில் முதுமையும் நோயும் ஒவ்வொரு வாயிலாக அடைத்துக்கொண்டே வருகின்றன. பார்வை போயிற்று, செவி போயிற்று, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று மூலையில் அமர்ந்துவிடும் முதியோரை நாம் நம் இல்லங்களிலேயே காண்கிறோம். அலுவலைத் தவிர வேறெதிலும் மனம் வைக்காதவனுக்கு ஓய்வு பெற்ற நாளே முதல் இறப்பாகிவிடுகிறது. ஹில்லுக்கோ, இளமையில் தொட்ட விளையாட்டு முதுமையில் ஊன்றுகோலாயிற்று. கண் மங்கியபோது விரல்கள் இருந்தன. விரல்களால் இயலாததைச் செய்ய நண்பர்கள் இருந்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் மைதானத்தில் ஒருவருக்கொருவர் விமானம் பிடித்துக் கொடுத்தவர்கள் அல்லவா? பிறர் கண்ணைத் தம் கண்ணாக ஏற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. தம் கண்ணைக் கடனாகத் தர அவர்கள் தயங்கவில்லை. அப்பறப்பில் எரிந்த நான்கு லிட்டருக்கும் குறைந்த எரிபொருளைவிட, அந்நட்பே விமானத்தைக் கரை சேர்த்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆதலின் பெற்றோர்களே, உங்கள் வீட்டில் குச்சியும் பசையும் பரப்பி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கக் கண்டால், உடனே விரட்டிவிடாதீர்கள். படிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் சற்றே அருகில் அமர்ந்து, எங்கே ஒட்டவில்லை என்று கேளுங்கள். வீட்டில் பார்வை மங்கிய பாட்டனார் இருந்தால், அவர் கையில் அந்த இறக்கையைக் கொடுத்து, இருபக்கமும் எடை ஒத்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய விரல்களுக்கு இன்னும் தெரியும்.